சலவை செய்த ஆயிரம் ஆண்டுகள்

அலுவலகத்தில் அவளுக்குச் சக்கரம் என்று பெயர். காலில் சக்கரம் கட்டியவள் என்று யாரோ ஒருநாள் சொல்லப்போக, மற்றதெல்லாம் உதிர்ந்து சக்கரம் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதில் அவளுக்கு வருத்தம் கிடையாது. வருத்தப்படுவதற்கும் ஓரிடத்தில் உட்கார வேண்டுமே. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் ஆடும், காலை அடக்கினால் கையிலுள்ள பேனா ஆடும். தேநீரை ஆறவிட்டுக் குடிக்கும் பொறுமை இல்லாமல் தினமும் நாக்கைச் சுட்டுக்கொள்வாள். அடுத்தவர் மேசையில் காகிதக் கட்டு கோணலாக இருந்தால் போகிற போக்கில் தட்டி நேராக்கிவிட்டுத்தான் நகர்வாள். அவள் கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். "உன்ன மாதிரி ஒரு லிஃப்ட் இருந்தா நாங்க அன்னைக்கே சீல் வச்சுட்டுப் போயிருப்போம்" என்பான்.

படிப்பிலும் இதே கதைதான். ஆராய்ச்சிப் பட்டத்துக்கு முதலில் மேகங்களை எடுத்தாள். ஒரு வருடம் போனதும் மேகம் சலித்துக் கடல் நீரோட்டத்துக்குத் தாவினாள். அதுவும் மந்தமாகப் பட்டது, பனிக்குப் போனாள். பனியாவது உருகும் என்று நினைத்தாளோ என்னவோ. கடைசியில் பேராசிரியர் கையெடுத்துக் கும்பிட்டு, எங்கேயாவது ஒரு வேலையைப் பார்த்துக்கொள் என்று அனுப்பிவைத்தார். தட்பவெப்ப ஆராய்ச்சி மையத்தில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் சேர்ந்தாள். அந்த ஒப்பந்தத்தை இழுத்து இழுத்து அவளுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. தற்காலிகமாக இருப்பதில் அவளைப் போல நிரந்தரமாக இருந்தவர் அந்த மையத்தில் யாரும் இல்லை.

அங்கே கணினிக்குள் ஒரு பூமியை வைத்திருந்தார்கள். அதற்குக் கடல் உண்டு, காற்று உண்டு, மலை உண்டு, மழையும் பெய்யும். அந்தப் பூமியில் ஒருவரும் நிலக்கரி எரிக்காமல், ஒரு வண்டியும் ஓடாமல், ஆயிரம் ஆண்டுகள் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். சூரியன் கொஞ்சம் மங்கும், கொஞ்சம் பிரகாசிக்கும். எப்போதாவது ஒரு எரிமலை புகை கக்கும். மற்றபடி யாரும் கை வைக்காத பூமி. அப்படி விட்டால் அதன் வெப்பம் தானாக எவ்வளவு ஏறி இறங்கும் என்பதுதான் கேள்வி. வருடத்துக்கு வருடம் எவ்வளவு, பத்தாண்டுக்குப் பத்தாண்டு எவ்வளவு, நூற்றாண்டுக்கு நூற்றாண்டு எவ்வளவு?

பார்த்தாயா, வெயில் தானாகவே ஏறி இறங்குகிறதாம், நாம் ஒன்றும் செய்யவில்லையாம் என்று கிளம்புகிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் மூட்டிய சூடு மேலே மேலே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. பூமியின் சொந்த ஆட்டம் அந்த ஏற்றத்தின் மேல் உட்கார்ந்து ஆடுகிறது. படிக்கட்டில் ஏறுகிறவன் தள்ளாடிக்கொண்டே ஏறினால் தலை எங்கே இடிக்கும் என்று தெரிய, படியின் உயரமும் வேண்டும், தள்ளாட்டத்தின் அளவும் வேண்டும். கடலோரம் சுவர் கட்டுகிறவனுக்கும் அணை கட்டுகிறவனுக்கும் இரண்டும் தெரிந்தாக வேண்டும். கேள்வி அவ்வளவுதான்.

கணினிப் பூமிக்கு ஒரு வியாதி உண்டு. அதன் ஆழ்கடல் நிலைக்கு வர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை பூமி முழுவதும் காரணமே இல்லாமல் மெல்ல மெல்லச் சூடாகியோ குளிர்ந்தோ போய்க்கொண்டிருக்கும். இதற்குச் சறுக்கல் என்று பெயர். இயற்கையின் ஆட்டம் இல்லை இது, இயந்திரத்தின் கோளாறு. ஆகவே கணக்குப் போடுமுன் சறுக்கலைக் கழித்துவிடுவது வழக்கம். சக்கரம் வேலைக்கு வந்த புதிதில் பூமியை ஒரு நூறு ஆண்டுதான் ஓட்ட முடிந்தது. அந்த நூறு ஆண்டுக்கும் ஒரு நேர்கோடு போட்டு, கோட்டின் சாய்வைக் கழித்து, வெப்ப வரைபடத்தின் வளைவைச் சமநிலைக்குக் கொண்டுவரும் கணினி நிரல் ஒன்றை அவள் எழுதினாள். அழகான நிரல். கோணலைக் கண்டால் கை துறுதுறுக்கும் ஒருத்தி எழுதினால் வேறு எப்படி இருக்கும்? சலவை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 'சலவை ஆச்சா?' என்று கேட்காமல் யாரும் அந்தத் தரவுகளைத் தொடுவதில்லை என்றானது.

பிறகு பெரிய கணினிகள் வந்தன. நூறு ஆண்டு ஓடிய பூமி ஆயிரம் ஆண்டு ஓடியது. கோப்பு பெரிதாக இருந்தால் திறக்க நேரமாகிறது என்று நூறு நூறு ஆண்டாக வெட்டிச் சேமித்தார்கள். சலவை ஒவ்வொரு கோப்பாக எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே நேராக்கி, ஒட்டுமிடங்களையும் இஸ்திரி போட்டுக் கொடுத்தது. அது என்ன செய்கிறது என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எழுதியவளே பார்க்கவில்லை.

இந்தக் கணினி ஆட்களுக்கும் கீழ்த்தளத்து வண்டல் சாருக்கும் ஏழாம் பொருத்தம். ஏரிகளின் அடியில் நீளக் குழாயை இறக்கி, அடுக்கடுக்காகப் படிந்த வண்டலை அப்படியே உருவி எடுத்து வருவது அவர் வேலை. அந்தக் குழாய்களைக் குளிர் அறையில் அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு அடுக்கிலும் செத்துக் கிடக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளின் ஓடுகளை எண்ணி, அந்த அடுக்கு படிந்த கோடை எவ்வளவு சூடாக இருந்தது என்று சொல்வார். அவர் வரைந்த ஆயிரம் ஆண்டு வளைவு மெதுவாக, பெரிதாக ஏறி இறங்கியது. கணினிப் பூமியோ வருடத்துக்கு வருடம் நிஜப் பூமி போலவே துள்ளியது, பத்தாண்டுக் கணக்கிலும் பரவாயில்லை, ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் பார்த்தால் தட்டையாகப் படுத்துக்கொண்டது.

எதை நம்புவது? கணினி ஆட்கள் மண்ணைக் குறை சொன்னார்கள். வண்டலில் புழு நெளிந்து அடுக்கைக் கலைத்திருக்கும், வயதுக் கணக்கு தப்பியிருக்கும், நீங்கள் பார்ப்பது பூமியின் ஆட்டம் இல்லை, உங்கள் மண்ணின் இரைச்சல் என்றார்கள். ஆரம்பத்தில் வண்டல் சார் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து சண்டை போட்டார். அப்புறம் சண்டையை விட்டார். பிறகு கூட்டத்துக்கு வருவதையே விட்டுவிட்டார்.

இந்த நிலையில்தான் இயக்குநர் அம்மாவுக்கு ஒரு யோசனை உதித்தது. புதிதாக வரப்போகும் கணினிகளுக்குக் குளிர்ச்சி வசதியுள்ள அறை வேண்டும். அப்படி ஒரு அறை கீழே ஏற்கெனவே இருக்கிறது, அதில் மண் தூங்குகிறது. வியாழக்கிழமை கூட்டத்தில் முடிவெடுத்துவிட்டால் குழாய்களைக் குப்பைக்கு அனுப்பலாம். முடிவுக்குத் துணையாக ஒரு படம் வேண்டும். கணினியின் ஆயிரம் ஆண்டும் மண்ணின் ஆயிரம் ஆண்டும் மேலும் கீழுமாக, எல்லோர் கண்ணிலும் படும்படி. அந்த வேலை சக்கரத்திடம் வந்தது. அவளுடைய ஒப்பந்தமும் அந்த மாதம்தான் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

படத்தைப் பெரிய காகிதச் சுருளில் அச்சிட்டு, நடைவழிச் சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒட்டினாள். நடக்கும்போது எடுத்து வைக்கும் ஓர் அடிக்கு நூறு ஆண்டு. ஒட்டி முடித்ததும் பல் மருத்துவரிடம் நேரம் கேட்கத் தொலைபேசியில் அழைத்தாள். கொஞ்சம் காத்திருங்கள் என்று ஒரு பாட்டைப் போட்டுவிட்டார்கள். காத்திருப்பது என்றால் அவளுக்கு நடப்பது. போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரோரமாக அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். பார்க்க வேறொன்றும் இல்லாததால் படத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

திரையில் அந்த வளைவை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். முழுவதையும் பார்த்தால் குறுகிப் புழுவாகிவிடும், பெரிதாக்கினால் ஒரு துண்டுதான் தெரியும். சுவரில்தான் அது கூடவே நடந்து வந்தது. ஓர் அடி நடந்தாள். மறுபடி ஓர் அடி. ஏதோ உறுத்தியது. எந்த அடியில் தொடங்கினாலும் வளைவு நடுக்கோட்டைச் சுற்றித்தான் நின்றது. முடியும்போதும் அங்கேயேதான். ஓரிடத்தில் மூன்று எரிமலைகள் அடுத்தடுத்து வெடித்து வெப்பம் கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. இறங்குகிறது, இறங்குகிறது, நூற்றாண்டு முடிகிற இடம் வந்ததும் யாரோ தோளைத் தொட்டு எழுப்பியதுபோல நடுவுக்கு வந்துவிட்டது. இயற்கைக்கு நூறு நூறாக எண்ணத் தெரியாது. தெரிந்த ஆள் ஒருத்திதான். பல் மருத்துவமனையில் யாரோ 'ஹலோ, ஹலோ' என்று கூப்பிட்டார்கள். அவள் போனை அணைத்துவிட்டாள்.

சறுக்கலை மட்டும் கழிப்பதாக நினைத்து, ஒவ்வொரு நூற்றாண்டிலும் பூமி மெதுவாக நகர்ந்த நகர்வையெல்லாம் சேர்த்துக் கழித்திருக்கிறாள். வேகமான துள்ளல் தப்பியது, ஏனென்றால் நேர்கோடு அதைத் தொடாது. மெதுவான ஆட்டம் அத்தனையும் சலவையில் போய்விட்டது. கணினிப் பூமி தட்டை இல்லை. தட்டையாக்கியவள் இங்கே நிற்கிறாள்.

மூலத் தரவுகள் பழைய காந்த நாடாக்களில் இருந்தன. அவற்றைக் கேட்டு வாங்கி, அவை இறங்கி முடியும் வரை மாடிப்படியில் ஏறி இறங்கினாள். பிறகு ஆயிரம் ஆண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு சாய்வை மட்டும் கழித்துப் பார்த்தாள். திரையில் வளைவு எழுந்து நின்றது. ஒரு நூற்றாண்டு முழுக்கக் குளிர்ந்து, அடுத்ததில் மீண்டு, அதற்கடுத்ததில் மறுபடி சரிந்தது. வண்டல் சாரின் வளைவு அளவுக்கு இல்லை. ஆனால் தட்டைக்கும் அதற்கும் நடுவே பாதி தூரத்துக்கு மேல் வந்துவிட்டது.

அன்று மாலை வீட்டில் அவள் இருந்த இருப்பு இருக்கிறதே! பாத்திரத்தைக் கழுவினாள், கழுவியதையே மறுபடி கழுவினாள். சன்னல் திரையைக் கழற்றினாள், மாட்டினாள். சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்தாள். மனம் இரண்டு பக்கமும் இழுத்தது. நிரலைச் சத்தம் போடாமல் திருத்தி, 'மேம்படுத்தப்பட்டது' என்று ஒரு வரி போட்டு அடுத்த மாதம் வெளியிட்டுவிடலாம். ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அதற்குள் குழாய்கள் குப்பைக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். சொன்னாலோ, சலவையை நம்பி எழுதிய கட்டுரைகள் எத்தனை! அதில் இயக்குநர் அம்மாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கட்டுரையும் ஒன்று. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டிய கையையே கடிப்பதா?

கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவனுக்குப் பாதி புரிந்தது.

"நாளைக்குச் சொல்லப்போறியா, இல்ல நடந்து நடந்து தரையத் தேய்க்கப்போறியா?" என்றான்.

"வேலை போயிருங்க."

"போனா போகுது. சொல்லாம விட்டா நீ வீட்டுல இருக்கிறத நான்தானே பாக்கணும். என்னால முடியாதுப்பா."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மிச்சச் சோற்றைச் சாப்பிட்டாள்.

மறுநாள் கூட்டத்தில் அவள் உட்காரவே இல்லை. நடைவழிப் படத்தின் மேல் புதிய வளைவை ஒட்டிவிட்டு, எல்லோரையும் அதனருகே கூட்டிப்போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். இயக்குநர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு படத்தை அடி அடியாகப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா இத யாரும் பாக்கலையா?"

"நானே பாக்கல மேடம்."

நிரல் எழுதும் இளைஞர் ஒருவர் பூசி மெழுகப் பார்த்தார். இன்னும் பாதிக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி அப்படியே இருக்கிறதே, அப்படியானால் மண் கூட்டித்தானே காட்டுகிறது, அறையைக் காலி செய்வதில் என்ன தப்பு என்றார். மிச்ச இடைவெளி மண்ணின் இரைச்சலாகவும் இருக்கலாம், நம் கணினிப் பூமியின் சோம்பலாகவும் இருக்கலாம், எது என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது என்று சக்கரம் சொன்னாள். ஆட்டத்தைக் குறைத்துக் காட்டினால் அணை கட்டுகிறவன் குறைத்துக் கட்டுவான், தெரியாத வரைக்கும் சாட்சியைக் குப்பையில் போடக் கூடாது என்றும் சொன்னாள். இயக்குநர் அம்மா படத்தின் அந்தக் கோடி வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். தன் கட்டுரையைத்தான் மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்திருப்பார். ஆனால் அந்த அம்மாவைக் குறை சொல்லக் கூடாது, மென்று விழுங்கும் ஆள் இல்லை. கட்டுரையைத் திருத்தி எழுதுவோம், கணினிக்கு வேறு இடம் பாருங்கள், குளிர் அறையில் ஒரு குழாயையும் தொடக் கூடாது என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார். ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சக்கரத்துக்கு அது உறைக்கவும் இல்லை. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள். மண் தப்பித்துவிட்டது, அந்த மனுஷனிடம் இதை முதலில் தான்தான் சொல்ல வேண்டும் என்ற ஒரே துடிப்பு. இத்தனை வருடத்தில் அவள் குளிர் அறைக்குள் போனதே இல்லை. அங்கே போனால் ஆற அமர நின்று பேச வேண்டியிருக்கும் என்ற பயம்தான் காரணம்.

வண்டல் சார் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு உள்ளே குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்கியபடி எல்லாவற்றையும் சொன்னாள். சலவை செய்த தப்பையும் சொன்னாள், மன்னிப்பும் கேட்டாள். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள், இல்லாவிட்டால் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் துணியை மடித்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் அவள் அறையைப் பார்த்தாள். இடது பக்கத்து அடுக்குகளில் குழாய்கள் நெருக்கமாக இருந்தன. வலது பக்கத்து அடுக்குகள் முழுக்கக் காலியாக இருந்தன.

தூக்கிவாரிப் போட்டது. "அதுக்குள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்களா சார்? கூட்டம் இப்பத்தானே முடிஞ்சுது. எந்த வண்டியில போகுது? நான் போய் நிறுத்தறேன்."

"நில்லும்மா. இது இன்னைக்குப் போனது இல்ல. நானே கொட்டினது. ரொம்ப நாளாச்சு."

அவளுக்கு விளங்கவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். எல்லோரும் ஒரே வாயாக மண் பொய் என்று சொன்னபோது, அவருக்கே தன் மண் மீது சந்தேகம் வந்துவிட்டது. எது நல்ல வண்டல், எது புழு கலைத்த வண்டல் என்று பிரிக்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. கைக்கெட்டிய அளவுகோல் ஒன்றுதான், சலவை செய்த வளைவு.

"உன்னோட கோட்டப் பக்கத்துல வச்சுப் பாத்தேன். எந்த ஏரி மண்ணெல்லாம் அதவிட ரொம்ப ஆடுச்சோ, அதெல்லாம் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணி எடுத்துப் போட்டுட்டேன். ஓரளவு அடங்கி இருந்தத மட்டும் வச்சுக்கிட்டேன். மேல நீ ஒட்டி வச்சிருக்கியே என் படம், அது மிச்சம் இருக்கிற மண்ணுதான்."

சக்கரம் அடுக்கின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் இந்த இரண்டு வளைவுகளும் ஒன்றையொன்று சோதிக்கவே இல்லை. அவள் தட்டையாக்கினாள், அதைப் பார்த்து அவர் தட்டையாக்கினார். அவருடைய படத்தை வைத்து மேலே அவள் பாதி தூரம் என்று எல்லோருக்கும் அளந்து காட்டிவிட்டு வந்திருக்கிறாள். அந்தப் பாதித் தூரக் கணக்கு இனி நிற்காது. 

"மறுபடி போய் எடுக்கலாம் சார். நானும் வரேன். எந்தெந்த ஏரின்னு சொல்லுங்க, இந்த வாரமே கிளம்பலாம்."

"நாலு ஏரி. ரெண்டத் தூர் வாரிட்டாங்க, அடிமண்ணு வரைக்கும் அள்ளியாச்சு. ஒண்ணு அணைக்குள்ள போச்சு. இன்னொண்ணு காஞ்சு கெடக்கு, அதுல வண்டி ஓட்டிப் பழகறாங்க, அடுக்கெல்லாம் கலைஞ்சுபோச்சு."

"அளவாவது இருக்கும்ல? எவ்வளவு ஆடுச்சுன்னு நீங்க கணக்குப் போட்டிருப்பீங்கல்ல?"

வண்டல் சார் காலி அடுக்கைப் பார்த்தார். துணியை அதன் மேல் வைத்தார்.

"தப்புன்னு நெனச்சதப் போயி யாரும்மா எழுதி வப்பாங்க?"

கதவைத் திறந்தே போட்டுவிட்டாள் போலிருக்கிறது. குளிர் வெளியே போகிறது, சாத்து என்றார் அவர். அவள் உள்ளே நின்றபடியே கதவைச் சாத்தினாள்.